கடலூர் வரை ஒரு வெள்ளோட்டம்: பழுது பார்த்த பாய்மரப் படகைக் கடலுக்கு எடுப்பவருக்கு

நீங்கள் கேட்டதைச் சுருக்கிக்கொள்கிறேன். எண்பதுகளில் கட்டிய 31 அடி ஃபைபர் பாய்மரப் படகு. தண்ணீருக்கு அடியில் ஒன்றரை மீட்டர் போகும். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் மேலேற்றி ஒன்றரை வருடம் வேலை நடந்திருக்கிறது. இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜினைப் பிரித்துப் பூட்டியாயிற்று, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் எல்லாம் புதுசு, வயரிங் புதுசு, அடியில் இரண்டு வால்வுகள் புதுசு. இப்போது ஒரு சனி, ஞாயிறில் கடலூர் போய், அங்கே துறைமுகத்தில் ஓர் இரவு தங்கித் திரும்ப வேண்டும். எந்த மாதம் நல்லது, மெக்கானிக்கைக் கூட்டிப்போகலாமா, மனைவியும் ஒன்பது வயது மகனும் வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போங்கள். ஆனால் கடலூருக்குள் நுழையாதீர்கள். துறைமுக வாயை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, அப்படியே படகைத் திருப்பிப் புதுச்சேரிக்கே வந்துவிடுங்கள். இரவுத் தூக்கம் உங்கள் ஆற்றுக்குள், உங்கள் கயிற்றில்.

வெள்ளோட்டம் பழுது பார்க்கும் வேலையின் கடைசிப் பகுதி. கரையில் கண்ணுக்குத் தெரியாத குறைகளை வீட்டுக்குப் பக்கத்திலேயே வெளியே வரவழைப்பதுதான் அதன் நோக்கம். போய்ச் சேர ஓர் இடம் என்று வைத்துக்கொண்டால் மனசு அந்த இடத்தின் பக்கம் சாய்ந்துவிடும். புரொப்பெல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட்டில் ஒரு சத்தம் கேட்டால் "கடலூர் போய்ப் பார்த்துக்கலாம்" என்று தோன்றும். திரும்புவதே திட்டம் என்றால் அந்தச் சத்தத்துக்கு அங்கேயே இன்ஜினை நிறுத்துவீர்கள்.

தூரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். புதுச்சேரி 11 பாகை 55 கலை, கடலூர் 11 பாகை 43 கலை. அட்சரேகையில் ஒரு கலை ஒரு கடல் மைல், ஆகவே சுமார் 12 கடல் மைல். ஐந்து நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஐந்து கடல் மைலில், இரண்டரை மணி நேரம், இளங்காற்றில் நாலு மணி. கரை கண்ணை விட்டு மறையாது: வீராம்பட்டினம், நல்லவாடு, பன்னித்திட்டு, நரம்பை, மூர்த்திக்குப்பம், பிறகு பெண்ணையாறு கடலில் கலக்கும் தாழங்குடா, தேவனாம்பட்டினம் என்று குப்பங்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். இந்தப் பன்னிரண்டு மைலில் ஆபத்து நடுக்கடலில் இல்லை. இரண்டு நுனியிலும் இருக்கும் முகத்துவாரங்களில் இருக்கிறது. அதில் ஒன்றை நீங்கள் தாண்டியே ஆக வேண்டும். இரண்டாவதை ஏன் வலியப் போய்த் தாண்ட வேண்டும்?

முகத்துவாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் கரையில் மார்ச் முதல் அக்டோபர் வரை அலைகள் மணலை வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. வருடக் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கல் கொட்டி அலைத்தடுப்புக் கட்டியதும் அந்த மணல் தெற்குப் பக்கம் சேர்ந்தது, வடக்கே நகரத்துக் கடற்கரை மணல் வரத்து இல்லாமல் அரித்துப்போனது. 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்தது அந்த அரிப்பைச் சரிசெய்யத்தான். ஊர்க்காரர்களுக்கு அது கடற்கரைப் பிரச்சினை. படகுக்காரருக்கு அதிலிருக்கும் சேதி வேறு: அதே மணல்தான் முகத்துவாரத்தின் வாயிலும் வந்து படுக்கிறது. தூர் வாருகிறார்கள், மறுபடி மூடுகிறது. போன வருடம் மூன்று மீட்டர் இருந்த இடத்தில் இந்த வருடம் உங்கள் அடிக்கட்டை உரசலாம். போனில் இருக்கும் வரைபடத்தை அங்கே நம்பவே நம்பாதீர்கள்.

யாரை நம்புவது? காலையில் அதே வழியாக மீன்பிடிக்கப் போய் வந்த சின்ன ஃபைபர் படகுக்காரரை. அவர்களுக்கு ஆழம் பாகத்தில்தான் வரும். ஒரு பாகம் ஆறடி என்று வைத்துக்கொள்ளுங்கள். "அண்ணே, எந்தப் பக்கம் ஆழம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் படகு முழங்கால் தண்ணீரில் மிதக்கும்; அவருக்கு ஆழமாக இருப்பது உங்களுக்குத் திட்டு. "ஒரு பாகத்துக்குக் குறையாம எங்கேர்ந்து எங்கே வரைக்கும் இருக்கு?" என்று கேளுங்கள். இன்னும் நல்லது, முந்தின வாரம் ஒரு ஃபைபர் படகில் கூலி கொடுத்து ஏறி, நூலில் ஈயக்குண்டு கட்டி நீங்களே அளந்துவிடுவது. பாதி நாள் வேலைதான். சுக்கான் பிடிக்கப்போகிறவர் கையாலேயே குண்டு போட வேண்டும். வேறொருவர் அளந்து எழுதிக் கொடுத்த தாளுக்கு அந்த மதிப்பு கிடையாது.

ஓதம் இங்கே சின்னது. பௌர்ணமி, அமாவாசையில்கூட ஏற்றத்துக்கும் வற்றுக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம் வராது. ஆனால் ஒன்றரை மீட்டர் அடிக்கட்டைக்கு அரை மீட்டர் பெரிய விஷயம். நீர் ஏறிக்கொண்டிருக்கும்போது தாண்டுங்கள்; தட்டினாலும் அரை மணியில் ஏறுகிற தண்ணீரே தூக்கிவிடும். உச்ச ஏற்றத்தில், அதுவும் பௌர்ணமி அன்று தட்டினால், அடுத்த அமாவாசை வரை அவ்வளவு தண்ணீர் வராமல் போகலாம். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பத்தில் சாமி தீர்த்தவாரிக்கு வரும் அழகைப் படகிலிருந்து பார்க்க ஆசைப்படுவீர்கள். அன்றைக்கு வேண்டாம்.

இன்னொன்று, அலையின் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிலையம் வெளியிடும் கடல்நிலை முன்னறிவிப்பில் அலையின் கால இடைவெளியும் இருக்கும். ஒரு மீட்டர் உயரம், ஆறு வினாடி இடைவெளி என்றால் சாதாரணக் காற்றலை. அதே ஒரு மீட்டர், பதினான்கு வினாடி என்றால் அது தெற்கே எங்கோ தொலைவில் புயலடித்துக் கிளம்பி வந்த நெடும் அலை. வெளியே கடல் எண்ணெய் மாதிரி கிடக்கும். மணல் திட்டின் மேல் வந்ததும் எழுந்து உடையும். கேரளத்தில் கள்ளக்கடல் என்பது இந்த வகைதான். அப்படி முன்னறிவிப்பு இருந்தால், காற்று எவ்வளவு அருமையாக இருந்தாலும் அந்த வாரம் ஆற்றிலேயே இருங்கள்.

முகத்துவாரத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் உங்கள் டீசல் டேங்க். கடிதத்தில் இன்ஜினைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு டேங்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இன்ஜினைப் பிரித்துப் பூட்டியவர் டேங்கைத் திறந்தாரா? பழைய டேங்கின் அடியில் ரசத்தின் மண்டி போலக் கசடு படிந்திருக்கும். வெக்கையிலும் ஈரக்காற்றிலும் டீசலுக்குள் தண்ணீர் சேரும். அந்தத் தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் கிருமி வளர்ந்து கறுப்புச் சளியாகும். ஆற்றில் படகு ஆடாது, கசடும் அசையாது. இன்ஜின் மணிக்கணக்கில் சுத்தமாக ஓடும், நீங்களும் திருப்தியாவீர்கள். முதல் கடலலை வந்து படகைத் தூக்கிப் போடும்போதுதான் எல்லாம் கலங்கி ஃபில்டருக்குப் போகும். அந்த முதல் அலை எங்கே வரும்? இரண்டு அலைத்தடுப்புகளுக்கும் நடுவில். பழுது பார்த்த படகுகளின் இன்ஜின் முகத்துவாரத்தில் நிற்பதைப் பற்றிக் கேட்டால் "நல்லா ஓடிட்டு இருந்துச்சே" என்பார்கள். விதியும் இல்லை, திருஷ்டியும் இல்லை, காரணம் இதுதான்.

ஆகவே டேங்கைத் திறந்து, டீசலை முழுக்க இறக்கி, கையை விட்டுத் துடையுங்கள். கைவிடத் துவாரம் இல்லாத டேங்க் என்றால் துவாரம் போட ஆள் பாருங்கள். தண்ணீர் பிரிக்கும் முதல் ஃபில்டர் அடியில் கண்ணாடிக் கிண்ணம் உள்ளதாக இருந்தால் நல்லது, பார்த்தே தெரிந்துகொள்ளலாம். மாற்று ஃபில்டர் நாலைந்து கையில் இருக்கட்டும். ஃபில்டர் மாற்றி, டீசல் குழாயில் சிக்கிய காற்றை (ஏர் லாக்) எடுத்து, மறுபடி ஸ்டார்ட் செய்வதை நீங்களும் உடன் வருபவரும் ஆற்றில் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்கிற அளவுக்குப் பழகுங்கள். மெக்கானிக் செய்ய நீங்கள் பார்த்தது கணக்கில் வராது.

இத்தனையும் செய்த பிறகும் முகத்துவாரத்தில் இன்ஜின் நிற்கும் என்றே வைத்துக்கொண்டு போங்கள். பெரிய பாய் ஏற்றியபடி இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒரே இழுப்பில் ஏறும்படி கட்டவிழ்த்து இருக்கட்டும். நங்கூரம் படகின் முன்முனையான அணியத்தில், பிடித்திருக்கும் பின்னைக் கழற்றி, விட்டால் விழும் நிலையில் இருக்க வேண்டும். அதன் பக்கத்தில் ஓர் ஆள்.

ஆற்றில் ஒரு வாரம் என்ன செய்வது என்பதை வேகமாகச் சொல்கிறேன். படகைக் கிரேனில் இறக்கியதும் பட்டையை உடனே கழற்றாதீர்கள். தொங்கலிலேயே வைத்து, அடியில் இருக்கும் ஒவ்வொரு வால்வையும் திறந்து மூடி, காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். பில்ஜ், அதாவது தண்ணீர் தேங்கும் படகின் அடிவயிறு முழுவதையும் உலர்த்திவிட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் ஈரம் இருந்தால் எங்கிருந்து என்று தெரியும். ஷாஃப்ட்டை மேலே வைத்து நேர்பார்த்திருப்பார்கள். தண்ணீரில் ஃபைபர் கூட்டின் வளைவு கொஞ்சம் மாறும், அதனால் மிதந்து சில நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இன்ஜினையும் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளிங் நாலு அங்குலம் என்றால் இரண்டு முகங்களுக்கும் நடுவில் சுற்றிலும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் நாலு பங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஷாஃப்ட் வெளியே போகும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் கிளாண்ட் கயிறு அடைத்த பழைய வகை என்றால், ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழ வேண்டும். ஒரு சொட்டும் விழாதபடி முறுக்கினால் ஷாஃப்ட் சூடாகித் தேயும். கை வைத்தால் வெதுவெதுப்பு சரி, சுட்டால் தளர்த்துங்கள். பிறகு படகைக் கரையோடு நன்றாகக் கட்டி, கியர் போட்டு, ஒரு மணி நேரம் பாரத்தில் ஓட்டுங்கள். சும்மா ஓடும் இன்ஜினுக்கு எந்தக் குறையும் தெரியாது. ஆற்றுச் சேறு கடல்நீர் வடிகட்டியை அடைக்கும்; அந்த ஒரு மணி முடிந்ததும் அதைத் திறந்து பாருங்கள்.

முதல் ரீஃப் போடுவதையும், அதாவது பாயைச் சுருக்கிக் கட்டுவதையும், கரையிலேயே காற்றில்லாத காலையில் செய்துவிடுங்கள். எந்தக் கயிறு எந்தக் கப்பியில் சிக்குகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

புதுக் கம்பிகளுக்கு வருகிறேன். புது வயர் முதல் சில மணி நேரப் பாரத்தில் கொஞ்சம் நீளும். கரையில் வீணைத் தந்தி மாதிரி இருந்தது என்பதெல்லாம் காற்றில் படகு சாய்ந்ததும் மாறிவிடும். படகு இருபது பாகை சாய்ந்து ஓடும்போது, காற்றுக்கு மறுபக்கம் இருக்கும் கம்பிகளைப் பாருங்கள். கொஞ்சம் தளர்வு இயல்பு. ஊஞ்சல் மாதிரி ஆடினால் இறுக்க வேண்டும். இறுக்குவது எப்போதும் தளர்ந்த பக்கத்தை. பாரத்தில் இருக்கும் டர்ன்பக்கிளை, அதாவது கம்பியை இறுக்கும் திருகை, திருகினால் மரை கெட்டுவிடும். இரண்டு சுற்று இறுக்கி, படகைத் திருப்பி மறுபக்கம் சாய்த்து, அந்தப் பக்கமும் அதே இரண்டு சுற்று. பிறகு பெரிய பாயின் தண்டவாளத்தை ஒட்டிக் கண்ணை வைத்து மேலே பாருங்கள். மரம் நேராக இருக்கிறதா, நடுவில் வளைகிறதா, உச்சி ஒரு பக்கம் சரிகிறதா என்பது ஒரே பார்வையில் தெரியும்.

மரம் விழும் கதைகளைத் தோண்டினால் பெரிய காற்றைவிடச் சின்னப் பொருள்தான் அதிகம் அகப்படும்: கம்பியின் நுனியை மாட்டும் கிளெவிஸ் பின் நழுவாமல் பிடிக்கும் ஒரு காட்டர் பின். சில ரூபாய்ப் பொருள். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தொட்டுப் பாருங்கள், உச்சியில் இருப்பதையும் சேர்த்து. அதற்கு ஒருவர் மரத்தில் ஏறித்தான் ஆக வேண்டும். கீழிருந்து பைனாகுலரில் பார்ப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. காட்டர் பின்னின் நுனிகளை விரித்த பிறகு டேப் சுற்றிவிடுங்கள். முன்பாய் அதில் மாட்டிக் கிழிவது இந்த ஊரில் பாய் தைப்பவர்களுக்கு நிரந்தர வருமானம்.

எந்த மாதம்? பொங்கல் முடிந்து, மாசிக்குள். பிப்ரவரியும் மார்ச் முதல் பாதியும் மிக நல்லவை. வாடை தணிந்திருக்கும், காலையில் கரைக்காற்று லேசாக இருக்கும், மதியத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாகக் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழும். கரை ஏறக்குறைய வடக்கு தெற்காக இருப்பதால் இரண்டு காற்றுமே பக்கவாட்டில் கிடைக்கும், போகவும் வரவும் பாயில் ஓடலாம். அந்த மாதங்களில் கரையோர நீரோட்டமும் வடக்கே திரும்பியிருக்கும். திரும்பி வரும்போது, களைத்திருக்கும் நேரத்தில், அது உங்களைத் தள்ளிக்கொடுக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அதே நீரோட்டம் தெற்கே ஓடும்.

டிசம்பர் கடைசியில் வானம் தெளிந்துவிட்டது என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது 2011 டிசம்பர் 30. அதற்கு ஏறக்குறைய 251 வருடம் முன்னால், 1761 ஜனவரி 1-ஆம் தேதி, புதுச்சேரியை முற்றுகையிட்டு வெளியே நங்கூரம் போட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்கள் பல ஒரே புயலில் போயின. ஒதுங்க இடமில்லாத கரை இது என்பதால்தான் அந்தக் காலத்துப் பாய்க்கப்பல் படைகள் அக்டோபர் வாக்கில் சோழமண்டலக் கரையை விட்டே போய்விடும். தை பிறக்கும்வரை நீங்களும் பொறுத்திருக்கலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு இருக்காதே என்று சிலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 61 நாளும் விசைப்படகுகள் துறைமுகத்தை அடைத்துக்கொண்டு நிற்கும், மதியத் தென்காற்று முரட்டுத்தனமாக அடிக்கும், வெயிலில் மூளை வேலை செய்யாது. பழகிய படகுக்குப் பரவாயில்லை, வெள்ளோட்டத்துக்கு வேண்டாம்.

இனி அந்த இரண்டு நாள். சனிக்கிழமை விடிந்து வெளிச்சம் வந்ததும், நீர் ஏறும் நேரத்தோடு பொருந்தினால், முகத்துவாரம் தாண்டுங்கள். பொருந்தவில்லையா, அடுத்த வாரம். தாண்டியதும் நேரே கிழக்கே இரண்டு மைல் வெளியே போங்கள். கரையை ஒட்டித் திரும்பும் ஆசை வரும், கூடாது. மதியம் எழும் கடற்காற்று படகைக் கரைப் பக்கம்தான் தள்ளும். இன்ஜின் நின்று பாய் கிழிந்த நிலையில் கரைக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் யோசிக்கக் கிடைக்கும் நேரம். நம் கடற்பரப்பில் ஒரு வசதி, அடிமட்டம் மெதுவாகச் சரிகிறது. இரண்டு மூன்று மைல் வெளியேயும் நங்கூரச் சங்கிலிக்கு எட்டும் ஆழம்தான். எனவே இந்தப் பயணத்தில் உங்கள் முதல் பாதுகாப்புக் கருவி நங்கூரம். காலைக் கரைக்காற்று இருக்கும்போதே, பத்து மீட்டர் ஆழத்தில், ஐம்பது மீட்டர் சங்கிலி விட்டு, இன்ஜினைப் பின்னுக்குப் போட்டு இழுத்துப் பாருங்கள். அப்போது இழுத்துக்கொண்டு போனாலும் வெளியேதான் போவீர்கள். புது வின்ச் மோட்டார் ஐம்பது மீட்டரையும் தூக்குகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

பிறகு பாயை ஏற்றி இன்ஜினை நிறுத்துங்கள். இங்கிருந்து வேலை ஒன்றுதான்: ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பார்ப்பது. சுக்கான் சக்கரத்தை விட்டுவிட்டு அவசரச் சுக்கான் கட்டையைப் பொருத்தி ஓட்டுங்கள். மின் பம்ப்பை அணைத்து, பில்ஜில் நாலு வாளித் தண்ணீர் ஊற்றி, கைப்பம்ப்பால் எத்தனை இழுப்பில் வெளியேறுகிறது என்று எண்ணுங்கள். ஒரு தேங்காயைத் தண்ணீரில் போட்டு, "ஆள் விழுந்துட்டான்" என்று கத்தி, இன்ஜின் இல்லாமல் திரும்பி வந்து எடுங்கள். தேங்காய் அலையில் மறைகிற வேகத்தைப் பார்த்த பிறகு லைஃப் ஜாக்கெட் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியிருக்காது. பாயைப் படகுக்கு எதிராக வைத்து நிறுத்தி நிதானமாகச் சாப்பிடுங்கள். அந்த நிலையில் படகு எப்படி நிற்கிறது என்பது பிற்பாடு பல தடவை கைகொடுக்கும். இரண்டு பக்கமும் நன்றாகச் சாய்த்து ஓடும்போது ஒருவர் கீழே போய் ஜன்னல், மேல்தளத்தின் போல்ட்டுகள், அடுப்பு, பேட்டரிப் பெட்டி எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பேட்டரி பட்டை போட்டுக் கட்டியிருக்கிறதா என்பதை முக்கியமாக.

நாலு மணிக்குள் ஆற்றுக்குள் வந்துவிடுங்கள். வெளியே நங்கூரத்தில் தூங்கினால் என்ன என்று கேட்பீர்கள். ராத்திரி கரைக்காற்று படகின் மூக்கை மேற்கே திருப்பும், அலை தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மோதும். விடிய விடிய உருட்டும். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு யாருக்கும் தெம்பிருக்காது. ஆற்றுக்குள் படகிலேயே தூங்குங்கள். விளக்கு, பம்ப், கழிவறை, கொசு எல்லாவற்றுக்கும் அதுவும் சோதனைதான்.

சனிக்கிழமை தெரிந்த குறைகளில் மரம், சுக்கான், தண்ணீர் புகும் இடம், இந்த மூன்றில் ஏதாவது இருந்தால் ஞாயிறு கிடையாது. மற்றவற்றைக் கட்டிச் சமாளித்துக்கொண்டு கடலூர் போகலாம். மூன்று மைல் வெளியே நின்றபடி தெற்கே ஓடி, தேவனாம்பட்டினம் தாண்டித் துறைமுக அலைத்தடுப்பு தெரியும் இடத்தில், எங்கே இருந்தாலும் பதினோரு மணிக்குத் திரும்பிவிடுங்கள். கடற்காற்று எழும்போது படகின் மூக்கு வீட்டைப் பார்த்திருக்க வேண்டும்.

வழியில் உண்மையான தொல்லை வலைகள். சில இடங்களில் கொடி கட்டிய மிதவை இருக்கும், பல இடங்களில் வெறும் பிளாஸ்டிக் கேன். இரண்டு கேன்களுக்கு நடுவே போகாதீர்கள். அந்த இரண்டும் ஒரே வலையின் நுனிகளாக இருக்கலாம். பாயில் ஓடும் படகுக்கு இன்ஜின் படகு வழிவிட வேண்டும் என்ற விதியைப் படித்திருப்பீர்கள். அதே விதி, மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்குப் பாய்ப்படகு வழிவிட வேண்டும் என்றும் சொல்கிறது. நீங்கள் உல்லாசத்துக்குப் போகிறீர்கள், அவர் வலை போன விலைக்குக் கடன் வாங்க வேண்டும். வி.எச்.எஃப். ரேடியோவில் 16-ஆம் அலைவரிசையில் கூப்பிட்டால் சின்னப் படகுகளில் பதில் வராது. வேகத்தைக் குறைத்து, கையை உயர்த்தி, "வலை எந்தப் பக்கம் ஓடுது?" என்று கத்திக் கேளுங்கள், கையைக் காட்டி வழி சொல்வார்கள். புரொப்பெல்லரில் கயிறு சுற்றினால் கியரை உடனே நியூட்ரலுக்குக் கொண்டுவந்து இன்ஜினை அணையுங்கள். தண்ணீர்க் கண்ணாடியும் பல் வைத்த ரொட்டிக் கத்தியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டாமல் இறங்கக் கூடாது.

காகிதம்: புதுச்சேரியில் கிளம்பித் தமிழகக் கடலுக்குள் போகிறீர்கள், ஆகவே துறைமுகத் துறைக்கும் கடலோரக் காவல் போலீசுக்கும் முன்கூட்டியே எழுத்தில் சொல்லுங்கள்; படகின் ஆவணங்களும் எல்லோருடைய அடையாள அட்டையும் அசலாகப் படகில் இருக்கட்டும். சாகர் கவச் என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை நடக்கும் நாளில் போனால் கடலில் இருக்கும் நேரத்தில் பாதி விசாரணையிலேயே போகும். புதுச்சேரியிலிருந்து வரும் வண்டியில் சாலைச் சோதனைச்சாவடியில் பாட்டில் தேடுவதுபோல் படகிலும் தேடினால் ஆச்சரியப்படாதீர்கள். ஒன்றும் ஏற்றாமல் போவது உத்தமம். வெளிநாட்டு நண்பர் கொடுத்த சாட்டிலைட் போன் எதையும் எடுத்துச் செல்லாதீர்கள், அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரக் காவல் போலீசுக்கு 1093. இரண்டையும் சுக்கான் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

"நுழையாதே என்கிறீர்கள், வடக்கே காற்று ஏறிவிட்டால்?" என்று கேட்பது நியாயம். அப்போது கடலூர்தான் உங்களுக்கு ஒதுங்கும் இடம். அதற்காகவே அதற்கு முந்தின வாரம் பேருந்தில் கடலூர் முதுநகர் போய், கெடிலமும் உப்பனாறும் கடலுக்கு வரும் அந்த வாயைச் சோனாங்குப்பம் பக்கமிருந்து பாருங்கள். எந்தப் பக்கம் அலை உடைகிறது, விசைப்படகுகள் எப்படித் திரும்புகின்றன, உள்ளே போனால் யார் பக்கத்தில் கட்டலாம் என்று ஒருவரிடமாவது பேசி, அவர் போன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். விசைப்படகுகள் ஒன்றோடொன்று அணைத்துக் கட்டும் இடத்தில் உங்கள் ஃபைபர் படகுக்குப் பழைய டயர் குறைந்தது ஆறு வேண்டும்.

மெக்கானிக் விஷயம். ஆற்றில் நடக்கும் ஒரு மணி நேர ஓட்டத்துக்கும், முகத்துவாரம் வரை போய்த் திரும்பும் சோதனைக்கும் அவர் அவசியம் வேண்டும். கடலுக்கு, அவருக்குக் கடல் பழக்கம் இருந்தால் மட்டும். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், வாந்தியெடுத்துப் படுத்திருக்கும் மெக்கானிக் இன்னொரு பயணிதான். மூன்று பேர் போதும்: நீங்கள், பாய் தெரிந்த ஒருவர், பலசாலி ஒருவர். இட்லி, மோர், வாழைப்பழம், தேவைக்கு இரண்டு மடங்கு தண்ணீர்; அடுப்பைச் சோதிக்க ஒரு டீ.

மனைவியும் மகனும் இந்த இரண்டு நாளும் வர வேண்டாம். ஞாயிறு சாயங்காலம் ஒரு குறைப்பட்டியல் கையில் இருக்கும். அதைச் சரிசெய்து, இன்னொரு முறை மூவராகவே வெளியே போய் எதுவும் புதிதாகச் சேரவில்லை என்று பார்த்த பிறகு கூட்டிப்போங்கள். அதற்கு முன் ஆற்றில், படகு கட்டியிருக்கும்போதே, பையனுக்கு இடுப்புப் பட்டை போட்டு அதன் கயிற்றை எங்கே மாட்டுவது, எங்கே கழற்றுவது என்று பழக்குங்கள். முதல் சவாரி காலை ஏழு முதல் பத்து வரை, காற்று ஏறுவதற்கு முன், வீராம்பட்டினம் எதிரே போய்த் திரும்பினால் போதும். வைத்திக்குப்பம் பக்கம் வடக்கே போக வேண்டும் என்று அவன் அடம்பிடித்தால் போகலாம். ஆனால் கடலுக்குள் நீண்டிருந்த பழைய துறைமுகப் பாலத்தின் உடைந்த தூண்களிலிருந்து நன்றாகத் தள்ளியே ஓட்டுங்கள். 2022-ல் சரிந்து விழுந்தவை தண்ணீருக்கு அடியிலும் இருக்கலாம்.